கழற்றுநர் ரதம் இழுத்த கதை

ஓட்டுநரை உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுக்குப் போய் பஸ் ஏறியிருந்தால் நடத்துநரையும் தெரியும். கழற்றுநரைத் தெரியுமா?

தெரியாது என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். செராஸில் ஜாலானுக்கு, அதாவது தெருவுக்கு, ஒருவர் இருக்கிறார். கிள்ளானில் கால் தடுக்கினால் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். வண்டி வாங்கியதும் அதில் இன்னும் எதைப் பூட்டலாம் என்று யோசிப்பது மனித இயல்பு. ஒருவர் ஸ்பீக்கர் வைப்பார், ஒருவர் விளக்கு வைப்பார், இன்னொருவர் பின்பக்கம் விமானத்துக்கு இருப்பதுபோல் ஓர் இறக்கையை மாட்டிக்கொண்டு டோல் சாவடி வரிசையில் பறக்க முடியாமல் நிற்பார். கழற்றுநர் அந்த ஜாதியல்ல. வண்டியைப் பார்த்தவுடன் அவர் கேட்கும் ஒரே கேள்வி, இதிலிருந்து எதைக் கழற்றலாம் என்பதுதான். ஸ்பேர் டயர் எதற்கு, தினமுமா பஞ்சர் ஆகிறது? பின்சீட் எதற்கு, தினமுமா சொந்தக்காரர்கள் வருகிறார்கள்? சீட்டுக்கடியில் கிடக்கும் குடைகூட அவர் கண்ணுக்கு ஒரு துரோகிதான்.

அவருக்கு உலகத்தில் இரண்டே எதிரிகள். ஒன்று எடை. இன்னொன்று இழுவை. எடை நமக்கெல்லாம் தெரிந்த விஷயம். இழுவை என்பது, வண்டி தன்பாட்டுக்குப் போகும்போது உள்ளேயிருந்தே அதன் சட்டையைப் பிடித்து, 'போகாதே, கொஞ்சம் இரு' என்று பின்னால் இழுக்கிற ஒரு சக்தி. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கழற்றுநருக்குத் தெரியும். ராத்தூக்கத்தில்கூடத் தெரியும்.

என் பக்கத்து வீட்டுக் கமலநாதன் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பயண நிறுவனத்தில் சென்னைக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. காலையிலிருந்து மாலை வரை, "ஆன்டி, பெட்டி கனம் கூடிப் போச்சுன்னா ஏத்த மாட்டாங்க, மைலோ டின்னை வெளிய எடுங்க" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் புத்தி அவருக்குள் இறங்கியிருக்க வேண்டும். மற்றவர்கள் அலுவலகத்தை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வருவார்கள். இவர் அதை வீட்டு வாசலில் நின்ற ஃபோர் வீல் வண்டி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அந்த வண்டியைச் சொல்ல வேண்டும். பச்சை நிறம், லோரி உயரம், இருபது வயதுக்கு மேல். காடு, மலை, ஆறு எதிலும் இறங்கி ஏறுவதற்கென்றே ஜப்பான்காரன் பார்த்துப் பார்த்துச் செய்தது. கமலநாதன் அதை கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமில் ஓட்டிப் போவார், ஓட்டி வருவார். அது பார்த்த அதிகபட்சக் காடு, வழியில் சாலை ஓரத்தில் நட்டிருந்த பூச்செடிகள்.

ஃபோர் வீல் வண்டியின் வயிற்றில், கியர்பாக்ஸுக்குப் பின்னால், டிரான்ஸ்பர் கேஸ் என்று ஒரு பெட்டி உண்டு. இன்ஜின் கொடுக்கிற பலத்தைப் பங்கு பிரித்து, முன் சக்கரங்களுக்கு இவ்வளவு, பின் சக்கரங்களுக்கு இவ்வளவு என்று அனுப்புவது அதன் வேலை. டிரைவர் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரை இழுத்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து உழைக்கும். அந்தப் பெட்டி இருப்பதால்தான் அது ஃபோர் வீல். இல்லாவிட்டால் அது வெறும் உயரமான கார்.

கமலநாதன் இந்தப் பெட்டியைப் பற்றி இணையத்தில் ஒரு வீடியோ பார்த்தார். பிறகு இன்னொன்று பார்த்தார். பிறகு வேறெதையும் பார்க்கவில்லை. அந்தப் பெட்டிக்குள்ளே பல்சக்கரங்களும் ஒரு சங்கிலியும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எண்ணெயைக் கலக்கிக்கொண்டு சும்மா சுற்றுகின்றன என்ற செய்தி அவரைப் பெரிதும் பாதித்தது. சும்மா சுற்றுகிற ஒருவனை வீட்டில் வைத்துச் சோறு போடுவதுபோல அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஸ்ரீ கெம்பாங்கானில் வாலண்டைன் என்று ஒரு போமன். நம் ஊரில் மெக்கானிக்கை அப்படித்தானே சொல்வோம். வாலண்டைனும் ஒரு கழற்றுநர்தான். ஒரே வித்தியாசம், அவர் அடுத்தவர் வண்டியைக் கழற்றுவார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும், போட்டிருந்த நல்ல சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கமலநாதனுக்காகப் பட்டறையைத் திறப்பார். இரண்டு பேரும் அந்தப் பெட்டியை இறக்கி, மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்ப்பார்கள்.

முதலில் பல்சக்கரங்களில் எடை குறைய ஓட்டை போட்டார்கள். பிறகு ஓட்டை போட்ட சக்கரம் எதற்கு என்று அதையே எடுத்தார்கள். கடைசியில் சங்கிலிக்கு வந்தார்கள்.

"பாஸ், இந்தச் சங்கிலிதான் முன் வீலுக்கு பவர் கொண்டு போறது," என்றார் வாலண்டைன். எச்சரிக்கை என்ற பெயரில் அவர் வாழ்க்கையில் சொன்னது இவ்வளவுதான்.

"நான் என்னிக்காவது முன் வீலை யூஸ் பண்ணியிருக்கேனா?"

"இல்ல பாஸ்."

"அப்போ அது எதுக்கு உள்ள உக்காந்துகிட்டு எண்ணெயக் கலக்குது?"

"அதானே," என்றார் வாலண்டைன். ஸ்பேனரை எடுத்தார்.

சங்கிலி போனது. அது சுழற்றிய முன்பக்கத் தண்டு போனது. சின்ன லீவர் மட்டும் தப்பித்தது. அதைக் கழற்றினால் தரையில் ஓட்டை தெரியும், மழைத்தண்ணீர் உள்ளே வரும் என்றார் வாலண்டைன். ஆகவே அது எதனோடும் சேராமல், பரம்பரைச் சொத்துப்போல, இருந்த இடத்தில் இருந்தது. அதை இழுத்தால் முன்போலவே மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும். நான்கு சக்கரமும் வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளமான விளக்கு. பாவம், அதற்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை.

பிறகு பரீட்சை. எங்கள் தாமான் குடியிருப்பின் நீளமான சாலையில் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து, குறிப்பிட்ட மரத்தடியில் கியரை எடுத்துவிட்டு, தானாக எந்த விளக்குக்கம்பம் வரைக்கும் உருள்கிறது என்று பார்ப்பது கமலநாதனின் வழக்கம். பின்னால் பள்ளி பஸ் ஹாரன் அடிக்கும். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் கும்பிட்டு வழி கேட்பார். எதுவும் அவர் காதில் விழாது. அன்றைக்கு வண்டி பழைய கம்பத்தைத் தாண்டி அடுத்த கம்பத்தில் போய் நின்றது. எனக்கு உடனே போன் வந்தது. பேச்சே வரவில்லை மனிதருக்கு. எனக்குப் பேத்தி பிறந்த அன்றுகூட நான் அவ்வளவு தழுதழுக்கவில்லை.

கழற்றிய ஒவ்வொரு முறையும் வாலண்டைனும் அவரும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் வைத்துக் கொண்டாடுவார்கள். கமலநாதனின் மனைவி லோகேஸ்வரி அரசு மருத்துவமனையில் தாதி. நிதானமான பெண்மணி. பின்சீட் போன நாளிலிருந்து பாசார் சாமான்களை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்கிறவர். "வண்டியில குறைஞ்ச கிலோ எல்லாம் எங்க போச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "எனக்குத் தெரியும் அண்ணே. வருஷா வருஷம் பெருசாகுற அவர் சட்டையை அயர்ன் பண்றது நான்தானே."

வண்டியிலிருந்து வந்த பெரிய பல்சக்கரத்தைக் கமலநாதன் துடைத்து, பாலிஷ் போட்டு, வரவேற்பறையில் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன் அதைத்தான் கொடுப்பார். "தூக்கிப் பாருங்க" என்பார். நான் தூக்கினேன். தபால்காரர் தூக்கினார். பக்கத்து ஊர் மேருவின் அம்மன் கோயில் தலைவர் அய்யாவு, கோயில் திருவிழா அழைப்பிதழ் கொடுக்க வந்தவர், அவரும் தூக்கினார். "யம்மா, என்ன கனம்" என்று அவர் சொல்ல, கமலநாதனின் முகத்தில் பெற்ற தாயின் பூரிப்பு.

தொல்லை இங்கேதான் ஆரம்பித்தது.

மேருவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் அந்தக் கோயில் சின்னது, ஆனால் ரதம் பெரியது. வருடா வருடம் தோட்டத்து டிராக்டர் வந்து இழுக்கும். இந்த வருடம் டிராக்டர் படுத்துவிட்டது. அவசரமாகக் கூட்டம் போட்டார்கள். கமலநாதனும் லோகேஸ்வரியும் போயிருந்தார்கள். என்ன செய்வது என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது அய்யாவு திரும்பிக் கமலநாதனைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, உங்ககிட்ட ஃபோர் வீல் இருக்குல்ல. அன்னிக்கு ஒரு இரும்பு காட்டுனீங்களே. அவ்வளவு கனமான சாமான் உள்ள இருக்குற வண்டி, ரதத்தை இழுக்காதா?"

அது இப்போது உள்ளே இல்லை, டி.வி. பக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடம் அது. சபை முழுக்க அவரையே பார்த்தது. லோகேஸ்வரி பெருமையோடு பார்த்தார், அந்த வண்டியைக் கட்டிக்கொண்டு அழுத இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"இழுக்கும் தலைவரே," என்றார் கமலநாதன்.

மறுநாள் என் வீட்டு வேலிக்கு வந்து, "ரதத்துக்குச் சக்கரம் இருக்குல்ல அண்ணே, ரோடு தார் ரோடுதானே, ரெண்டு வீல் போதும்" என்று என்னிடம் சொன்னார். நான் கேட்கவே இல்லை. அதற்கப்புறமும் இரண்டு மூன்று தடவை வந்து சொன்னார்.

திருவிழா அன்று மத்தியானம் மழை கொட்டியது. கிள்ளான் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாததா? மாலையில் வெளுத்தபோது, கோயில் வாசலிலிருந்து தார் ரோடு வரைக்கும் இருந்த செம்மண் பாதை கேசரி பதத்துக்கு வந்திருந்தது. ஒருபக்கம் கால்வாய், மறுபக்கம் தோட்டத்து வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். ரதத்தின் சக்கரம் புதையாமல் இருக்க இளைஞர்கள் ஓடி ஓடிப் பலகை போட்டார்கள். கமலநாதன் வண்டிக்கும் போடலாமா என்று ஒருவர் கேட்டார். ஃபோர் வீலுக்கு எதற்குப் பலகை என்று அய்யாவு அவரை அதட்டி அனுப்பினார்.

அம்மன் அலங்காரத்தோடு ரதத்தில் ஏறினாள். குருக்கள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாதஸ்வரக்காரர்கள் வண்டிக்குப் பக்கவாட்டில், வேலியை ஒட்டி, கொஞ்சம் பின்தள்ளி, நின்றுகொண்டார்கள். அது தவறு என்று அப்போது யாருக்கும் தெரியாது. வடத்தைப் பூட்டினார்கள். கமலநாதன் ஏறி உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டு, கியரைப் போட்டார்.

வண்டி கொஞ்ச தூரம் போனது. அய்யாவு கையெடுத்துக் கும்பிட்டார். வண்டி நின்றது.

கமலநாதன் பெடலை அழுத்தினார். பின் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே பேய் வேகத்தில் சுற்றின. சேறு எழும்பி, முதலில் தவிலையும், அடுத்து நாதஸ்வரத்தையும், கடைசியாக அய்யாவுவின் புதுப் பட்டு வேட்டியையும் நனைத்தது. நாதஸ்வரம் பாதி ராகத்தில் விக்கியது.

"ஃபோர் வீல் போடுங்க தம்பி," என்று அய்யாவு கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினார்.

கமலநாதன் லீவரை இழுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அந்த ஒரு நொடி அவரே அதை நம்பிவிட்டார் என்று பிறகு என்னிடம் சொன்னார். மறுபடியும் பெடலை அழுத்தினார். இந்தத் தடவை தவில்காரரின் வாயில் சேறு.

வண்டியை விட்டுவிட்டு ரதத்தை ஆட்களே இழுத்திருக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் கால்வாய்க்கும் வேலிக்கும் நடுவே, பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு, மிக லேசான ஒரு வண்டி அச்சுவரை புதைந்து நின்றது. பின்னால் அம்மன். அதற்குப் பின்னால் காவடி எடுத்தவர்கள், பால்குடம் எடுத்தவர்கள், சொந்தக்காரர்களோடு வந்திருந்த பாதி கிள்ளான். எல்லோரும் நிற்கிறார்கள். பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எடுத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

லோகேஸ்வரி முன்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஜன்னலுக்கு வந்தார்.

"ஏங்க, முன் சக்கரம் ஏன் சும்மா நிக்குது?"

கமலநாதன் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அதுக்குப் பவர் போகல."

"பச்சை லைட்டு எரியுதே?"

"லைட்டுக்கு மட்டும் போகுது."

"அப்போ அந்த நாலு வீல்ல?"

"ரெண்டு வேலை செய்யுது. ரெண்டு கூட வருது."

லோகேஸ்வரி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். வார்டில் நோயாளி மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிக்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்குமாம். கமலநாதன் சின்னக் குரலில், "ஊர் சிரிக்கப் போகுது லோகா. உன்னையும் சேத்துத்தான் சிரிப்பாங்க" என்றார். அதைச் சொல்லும்போது அந்தப் பெரிய மனிதரின் கண் கலங்கியிருந்தது. வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன், ஆனால் பக்கத்தில் நின்ற எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

"சிரிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் லோகேஸ்வரி. "இப்ப இது நகர என்ன வேணும்?"

கமலநாதன் திரும்பிப் பின்சீட் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். "எடை."

"என்ன?"

"பின்னாடி எடை வேணும். வண்டி ரொம்ப லேசா இருக்கு, வீல் மண்ணப் பிடிக்க மாட்டேங்குது."

வருடக்கணக்காக எந்தச் சொல்லை வீட்டைவிட்டு, வண்டியைவிட்டு விரட்டினாரோ, அதையே அவர் வாயால் கேட்டு வாங்கினார். லோகேஸ்வரி அதைக் குத்திக்காட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அன்னதானக் கூடத்தைப் பார்த்து நடந்தார்.

அங்கே தங்கமணி அக்காவும் அவர் சமையல் குழுவும் இருந்தார்கள். தங்கமணி அக்கா உட்கார்ந்தால் பெஞ்சு மறையும். மற்றவர்களும் அக்காவின் சமையலையே சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

"அக்கா, அம்மாளுக்கு ஒரு தொண்டு செய்யணும். வண்டியில கொஞ்சம் ஏறி உக்காருங்க," என்றார் லோகேஸ்வரி.

தங்கமணி அக்கா விஷயத்தைப் புரிந்துகொண்டார். கரண்டியைக் கீழே வைத்தார். "கனமான ஆளுங்களா வேணும்?"

"நல்ல மனசு உள்ளவங்க வேணும்க்கா."

"எனக்கு மனசு பெருசு லா," என்றார் தங்கமணி அக்கா. "வாங்கடி எல்லாரும்."

பின்சீட்தான் இல்லையே. கோயில் பாயை விரித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். ஒவ்வொருவர் ஏறும்போதும் வண்டி ஒரு முனகல் முனகிக் கீழே இறங்கியது. உள்ளே கமலநாதனும் கூடவே முனகினார். அறுபது, எழுபத்தைந்து, ஐயோ, இது நிச்சயம் தொண்ணூறு என்று அவர் உதடுகள் தானாகக் கூட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். போதாதென்று இரண்டு மூட்டை அரிசி. ஒரு சாக்குத் தேங்காய். கடைசியாக, இவ்வளவையும் ஏற்பாடு செய்த களைப்பில், லோகேஸ்வரியும் ஏறிக் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சக்கரத்துக்கடியில் செம்பனை மட்டைகளைச் செருகினோம். நாதஸ்வரக்காரர்கள் இந்தத் தடவை வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

கமலநாதன் மெதுவாக, மிக மெதுவாக, கிளட்ச் பெடலை விட்டார். கிளட்ச் கருகும் வாசனை சாம்பிராணியோடு கலந்தது. சக்கரம் ஒருமுறை வழுக்கியது. பிறகு மண்ணைப் பிடித்தது. வண்டி ஓர் அடி நகர்ந்தது. ரதம் ஓர் அடி நகர்ந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. "ஓம் சக்தி" என்று எழுந்த சத்தத்தில் தோட்டத்துக் காகமெல்லாம் பறந்தது. தார் ரோடு ஏறியதும் கமலநாதன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இனி இறங்கிக்கொள்ளலாம் என்று பணிவாகச் சொன்னார்.

"எதுக்கு?" என்றார் தங்கமணி அக்கா. "நல்லா காத்து வருது."

அவர்கள் இறங்கவில்லை. மேருவை முழுக்கச் சுற்றி வந்தார்கள். பின்கதவைத் திறந்து போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, வழியில் நின்ற உறவுக்காரர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு, ஒரு மூட்டைக் கச்சான் கடலையைக் காலி செய்துகொண்டு போனார்கள். அந்த வருடத் திருவிழாப் படங்களில் அம்மனைவிடத் தங்கமணி அக்கா நன்றாக விழுந்திருக்கிறார். ஊர் சிரித்தது, உண்மைதான். ஆனால் லோகேஸ்வரியும் சேர்ந்து சிரித்ததால், கமலநாதனுக்கு அது எவ்வளவோ லேசாக இருந்தது. அய்யாவு, சேறு காயாத கையாலேயே அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அடுத்த ஞாயிறு வாலண்டைன் டி.வி. பக்கத்திலிருந்த பல்சக்கரத்தையும் சங்கிலியையும் தண்டையும் திரும்பப் பூட்டினார். லோகேஸ்வரி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டும் உள்ளே போவதைப் பார்த்தார். மனிதர் திருந்திவிட்டார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கழற்றுநர்கள் திருந்துவார்களா? அதற்கடுத்த வாரம் கமலநாதனும் வாலண்டைனும் மேரு கோயிலில் ரதத்துக்கடியில் படுத்திருந்ததை அய்யாவு பார்த்திருக்கிறார். "தலைவரே, குறை ரதத்துலதான். இந்த அச்சுல பாதி எதுக்குன்னே தெரியல" என்று கீழேயிருந்து குரல் வந்ததாம். ரதக் கொட்டகைக்கு இப்போது பெரிய பூட்டு. சாவி லோகேஸ்வரியிடம்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. உங்களிடம் ஃபோர் வீல் இல்லை, ஸ்பேனரைப் பிடித்ததில்லை, டிரான்ஸ்பர் கேஸ் என்ற பெயரையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறீர்கள். சரி. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நான் விளக்கிய பத்தி ஒன்று மேலே வந்ததே, அதை வரிவரியாகப் படித்தீர்களா? அல்லது இது எதற்கு, சும்மா எடை, கதைக்கு இழுவை என்று கழற்றிவிட்டு வந்தீர்களா?

பதில் எனக்கு வேண்டாம். வண்டியை மட்டும் மழையில் எடுக்காதீர்கள்.